ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க

வீட்டில் வைத்துத் தேயிலை விற்கிற தொழிலில், வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு கப் சும்மா போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் குடித்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைச் சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். ஊறுகாய், புடவை, சத்துமாவு என்று வீட்டிலிருந்தே எதையாவது விற்றுப் பார்த்தவர்கள் இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடி வீட்டில். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் பதினோரு வருஷம் இருந்தேன். கம்ப்யூட்டர் மாற்றினார்கள், கூடவே ஆளையும் குறைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், ஊட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி ஒருத்தி தோட்டத்துத் தேயிலை நாலு வகை அனுப்பி, விற்றுப் பார் என்றாள். நாலு இன்றைக்கு இருபத்திரண்டு டப்பா ஆகிவிட்டது. பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, மல்லிகை வாசனை ஏற்றியது, அப்புறம் தேயிலையே இல்லாத சங்குப்பூ, செம்பருத்தி, ஆவாரம்பூ, எலுமிச்சைப்புல். என் வீட்டுக்காரர் சேகர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டையும் குடித்தவர். எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கு என்பார். அதனால் அவர் அபிப்பிராயத்தை நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மோட்டர் சத்தம்

தேயிலையை ருசி பார்க்க ஒரு முறை இருக்கிறது. ஸ்பூனில் எடுத்து, காற்றையும் சேர்த்து ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். நாசூக்காக உறிஞ்சினால் பிரயோஜனமில்லை. சர்ர்ர் என்று சத்தம் வந்தால்தான் வாய் முழுக்கத் தெறித்து வாசனை மூக்குக்கு ஏறும். சிநேகிதி வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாள். தினமும் காலையில் சேகர் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு, சமையலறை ஜன்னல் பக்கம் எட்டு கப் வரிசையாக வைத்துப் பழகினேன்.

கீழே குடியிருக்கிற வீட்டு ஓனர் கோதண்டம், ரிடயரான ஓவர்சியர். அந்தச் சத்தத்தைக் கேட்டு, மோட்டர் தண்ணீர் எடுக்காமல் காற்றை இழுக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். சத்தம் வரும்போதெல்லாம் ஓடிப்போய் மோட்டரை நிறுத்தியிருக்கிறார். மேலே டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. மூன்று நாள் நாங்கள் அரை பக்கெட்டில் குளித்தோம். நாலாம் நாள் அவர் பிளம்பரைக் கூட்டிவந்து, குழாயைக் கழற்றி, அதன் அடியில் இருக்கிற ஃபுட்வால்வை மாற்றினார். மறுநாள் காலையிலும் அதே சத்தம். எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே படியேறி வந்து, வாசலில் நின்று, நான் ஸ்பூனும் கையுமாக ஒரு இழுப்பு இழுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

நான் தொழில்முறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு கப் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். பாதிப் படி இறங்கியவர் திரும்பிச் சொன்னார்: "ஏம்மா, நாளையிலேர்ந்து நீ டீ குடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துடு. எது நீ, எது மோட்டர்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."

பெரிய எழுத்து

வெள்ளைத் தேயிலை ரொம்ப சாது. கொதிக்கிற தண்ணீரைக் கூடத் தாங்காது. இறக்கி ஆறவிட்ட வெந்நீரில் மூன்று நிமிஷம் ஊறினால் போதும். சிதம்பரத்தில் ஒரு டீச்சர் வாங்கிப்போய், இருபது நிமிஷம் கொதிக்கவிட்டும் டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்று, வீட்டில் இருந்த சாதா தூளையும் ரெண்டு ஸ்பூன் சேர்த்து, பால் ஊற்றி, இஞ்சி தட்டிப்போட்டுக் குடித்திருக்கிறார். நன்றாக இருந்ததாக எனக்கு மெசேஜும் வந்தது.

அந்த வாரமே ஒரு சீட்டு அச்சடித்து எல்லாப் பாக்கெட்டிலும் போட்டேன். 'கொதிக்க வைக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து ஆறவிடும் விஷயமெல்லாம் கீழே பொடி எழுத்தில். பெரிய எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உலகத்தில் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. குறிஞ்சிப்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். பின்னால் பெண்சாதி பிள்ளைகள் பேசுகிற சத்தம். குடும்பமே ஒரு ஜக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. அவர் கேட்டார்: "நீங்க சொன்னபடியே கொதிக்க வெக்கலம்மா, பச்சத் தண்ணியிலதான் போட்டோம். ஒரு மணி நேரமா எல மேலயே மெதக்குது. அது முங்குனப்புறம் குடிக்கணுமா, இல்ல இப்பவே குடிக்கலாமா?"

அந்த வாசனை

தேவனாம்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிற கலியமூர்த்திக்கு, பால் சர்க்கரை போட்ட டீயை டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தார். என்னிடம் கறுப்புத் தேயிலை ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். இத்தோடு சரி, இந்த ஆள் திரும்பி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து போன் வந்தது. ரெண்டு பாக்கெட் வேண்டுமாம். பிளாஸ்கில் ஊற்றிக் கடலுக்கே கொண்டுபோகிறாராம். கூட வருகிற ஆட்களும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. படகுப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன்.

புதுப் பாக்கெட் போய்ச் சேர்ந்த ரெண்டாம் நாள், அவரே இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய ருசி இல்லையாம், வாசனையே இல்லையாம். மிச்சமிருந்த பழைய தேயிலையைக் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிரிப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் பாக்கெட்டைக் கட்டாமல், நெத்திலிக் கருவாட்டு டின்னுக்கு மேலேயே ஒரு மாதம் வைத்திருந்திருக்கிறார்கள். தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும், காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். அவர் கடைசி வரை தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. நெத்திலி வேணும்னா நானே கொண்டாந்து தரேன், அதே மாதிரி ரெண்டு பாக்கெட்டு போட்டு வெய்யுங்க."

நடைப்பயிற்சிக் கூட்டம்

கடற்கரையில் நடந்துவிட்டு வருகிற ஆறு பெண்கள், ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்கு வந்து ருசி பார்த்தார்கள். உட்கார்ந்து, விசிறிக்கொண்டு, அடுத்த டப்பா என்பார்கள். ஐந்து மாதம். ஒரு கிராம் வாங்கவில்லை. இருபத்திரண்டாவது டப்பா முடிந்த அன்று, அவர்களில் மூத்தவர் கப்பைக் கழுவியே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் பாத்தாச்சு சிஸ்டர். புதுசா எதாச்சும் வந்தா மட்டும் எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சொட்டு நீலம்

சிதம்பரத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிற நிவேதா என் வாடிக்கைக்காரி. அவளைப் பெண் பார்க்க மூன்று இடம் வந்து போய்விட்டது. நாலாவது இடம் வருகிறபோது, காப்பித் தட்டோடு மறுபடியும் தலை குனிந்து நிற்க மாட்டேன், என் இஷ்டப்படி ஏதாவது கொடுத்தால்தான் வெளியே வருவேன் என்று அம்மா கலாவிடம் சொல்லிவிட்டாள். கலா என்னைக் கூப்பிட்டார். நான் சங்குப்பூவோடு போய் இறங்கினேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் நீலம் அவ்வளவு அழகாக இருக்கும். அதில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறும். எல்லாரும் அசந்துபோவார்கள் என்பது என் கணக்கு.

மாப்பிள்ளையின் அத்தை டம்ளரைக் கையில் வாங்கியதுமே, பக்கத்தில் இருந்தவரிடம் இது துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் மாதிரி இருக்கிறதே என்றார். நிவேதா எலுமிச்சையைப் பிழிந்தாள். நீலம் ஊதாவானது. அத்தை டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் இன்னொரு மூடி எலுமிச்சை கேட்டு வாங்கி, ஒவ்வொருவர் டம்ளராகப் பிழிந்துகொண்டே வந்து, ஏன் இப்படி மாறுகிறது என்று நிவேதாவிடம் கேட்டான். அவள் புளிப்பு, அமிலம் என்று லேப் பாஷையில் விளக்கினாள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். பத்து நிமிஷம் அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள், மற்றவர்கள் டம்ளர்களைக் காவல் காத்தார்கள். யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை.

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் கலா போன் செய்து, பையன் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றார். தகவல் சொன்னது அந்த அத்தைதானாம். அவர் சொன்னதைக் கலா அப்படியே எனக்கு ஒப்பித்தார்: "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. கல்யாணத்துல காப்பி டீ மட்டும் நாங்களே ஏற்பாடு பண்ணிக்கறோம், அதுல நீங்க தலையிடாதீங்க."

வியாழக்கிழமை மாஸ்டர்

ராஜவேலு சிதம்பரத்தில் கல்யாணச் சமையல் மாஸ்டர். ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஒன்பது மாதமாக அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. விதவிதமான வாசனையாகத் தினமும் முகர்ந்து வாருங்கள், மெதுவாகத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த மிளகு, சீரகம், பெருங்காயமெல்லாம் முகர்ந்து அலுத்துப்போய், யாரோ சொல்லி என்னிடம் வந்தார். வெளியில் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். அண்டா பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டு, போதும், இன்னும் வேண்டும் என்று கண்ணால் ஜாடை காட்டுவாராம். அதை வைத்துத்தான் அத்தனை கல்யாணத்தையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். நான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நீட்டுவேன். கண்ணை மூடி முகர்ந்து தலையை ஆட்டுவார். கிராம்பும் பட்டையும் போட்ட கலவை, எலுமிச்சைப்புல், துளசி, எதற்கும் அசையவில்லை. மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, சூடாக இருக்கிறது என்பார். ஒன்பதாவது வியாழக்கிழமை, வரப்போகிற தை மாதத்தோடு தொழிலை மச்சானிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். இருப்பதிலேயே உசத்தியான மல்லிகைத் தேயிலையை எடுத்து, வெந்நீர் ஊற்றி, மொட்டுகளை எப்படி அடுக்கி வாசனை ஏற்றுகிறார்கள் என்று என் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். பேச்சை நிறுத்தினால் இரண்டு பேருக்கும் கஷ்டமாகிவிடும் போலிருந்தது.

அவர் கப்பைத் தொடவில்லை. தலையைத் தூக்கினார். முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். சட்டென்று எழுந்து, கேட்காமல் கொள்ளாமல் என் சமையலறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். மதியச் சாம்பாருக்குத் துவரம்பருப்பை வேகப் போட்டுவிட்டு அடியோடு மறந்திருக்கிறேன். தண்ணீர் சுண்டி, பாத்திரம் தீய்ந்து, புகை கிளம்பியிருந்தது. மூக்கை வைத்துத் தொழில் செய்கிற எனக்கு அது தெரியவில்லை. அவர் அடுப்பை நிறுத்தி, மூடியை எடுத்துவிட்டு, புகைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையால்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன். பாத்திரத்தைக் கழுவப் போட அவசரமாகக் கை நீட்டினேன், அவர் விடவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் கருகல் வாசனைகள், பிறகு பெருங்காயம், அப்புறம் ஒரு நாள் நெய். மச்சானுக்குத் தொழில் கைமாறவில்லை. தை மாத முகூர்த்தங்களுக்கு ராஜவேலுவே நின்று சமைத்தார். அன்றைக்கு என் அடுப்படியில் பாத்திரத்தை இறுக்கிப் பிடித்தபடி அவர் சொன்னது இதுதான்: "பருப்பு அடி புடிச்சிருக்கும்மா. கொட்டிடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் மோந்துக்கறேன்."

இருபத்திரண்டு டப்பாவுக்கும் என்னென்ன குணம் உண்டு என்று நான் மணிக்கணக்கில் பேசுவேன், ஆனால் என் வீட்டில் இன்றுவரை ஒரு மனுஷனைக் குணமாக்கியது நான் கருக்கின துவரம்பருப்பு ஒன்றுதான்.