பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் மூன்றாம் முறை

வண்டியில் உட்கார்ந்ததும் சின்னக்கருப்பன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவார். இடது உள்ளங்கையைக் காக்கி டிரவுசரில் துடைப்பார். கியர் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைப்பார். பிறகுதான் சாவியைத் திருகுவார். பழங்காநத்தம் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தவசி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவன்.

டி. கல்லுப்பட்டியில் ஓர் அலுவலகத்தில் சின்னக்கருப்பன் பியூன். அங்கே ஜீப் டிரைவர் இடம் காலி. 1981 மார்ச் முடிவதற்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் வெளியாளுக்கு. லைசென்ஸ் சோதனை வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏற்கனவே இரண்டு முறை ஃபெயிலாக்கி அனுப்பியிருந்தார்.

"மாப்ள, அந்தாளு மண்டையில ஒண்ணும் நிக்காது. கிளட்ச்சுன்னா ஹாரன் அடிக்கிறாரு," என்றார் ஸ்கூல் முதலாளி மொக்கையன், தவசியிடம்.

தவசியும் எல்லாரையும் போலத்தான் சொல்லிக்கொடுத்தான். "கண்ணாடியப் பாருங்கண்ணே, கையக் காட்டுங்க, கிளட்ச்ச அமுக்கி ரெண்டாவது கியருக்கு வந்து ஸ்டீரிங்க ஒடிங்க." எல்லாம் ஒரே மூச்சில். சின்னக்கருப்பன் கண்ணாடியைப் பார்ப்பார், உடனே ஒடிப்பார். நடுவில் உள்ளதெல்லாம் காணாமல் போய்விடும்.

பிப்ரவரியில் தவசிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் விரலால் மட்டும் காட்டினான். அந்த வாரம் கடைவீதி நெரிசலில்கூட வண்டி ஒருமுறையும் அணைந்து நிற்கவில்லை.

"நீ பேசாம வந்தா ஓட்டிர்றேன் தம்பி. பேசுனா, சொன்னதப் புடிச்சு வைக்கவே சரியாப் போகுது. ரோட்ட எங்கிட்டுப் பாக்குறது?"

அதன்பின் தவசி ஒன்று சொல்வான். அது முடிந்த பிறகே அடுத்தது. ஆனால் சோதனையன்று பக்கத்தில் உட்காரப்போவது அவன் இல்லையே.

"ஒண்ணொண்ணாச் சொல்லுங்க சார்னு கேட்டுருங்கண்ணே."

"அம்புட்டுப் பெரிய ஆபீசர்ட்டயா? வெரட்டிவிட்ருவாரு."

மார்ச் கடைசி வாரம், மூன்றாம் சோதனை. தவசி பின்னால் உட்கார்ந்திருந்தான். சின்னக்கருப்பன் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் கத்தினார்: "கண்ணாடி!" பார்த்தார். "கை!" காட்டினார். "கிளட்ச்!" அப்படியே போய்த் திரும்பி, சுவரை ஒட்டி வண்டி நின்றது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

"கோவக்கார மனுசன் தம்பி. ஆனா ஒண்ணொண்ணாத்தேன் வஞ்சாரு," என்றார் சின்னக்கருப்பன், சட்டையெல்லாம் நனைந்திருக்க.

ஜீப் அவருக்குக் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கும் வேலையாகத் தவசி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோது, குமாஸ்தா பழைய காகிதக் கட்டைப் பிரித்துப் போட்டார். இரண்டாம் சோதனைத் தாளின் ஓரத்தில் இன்ஸ்பெக்டர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'காது மந்தம் போலும். அடுத்த முறை ஒவ்வொன்றாக, உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.'