தூளியில் கிடந்த சிவப்புச் சேலை

இந்தப் பயணத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் அசடு வழிந்த இடங்களையும் விடமாட்டேன். நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் எல்லாரும் அருவியையும் மலையையும் பார்த்து வந்து பரவசப்பட்டதாக எழுதுகிறார்கள். நான் பார்க்கப் போனது ஒரு பழைய உடுப்பை. பரவசத்துக்குக் குறைவே இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவில், முப்பது வருஷத்துக்கு முன்னால் நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து கப்பலிலிருந்து இறங்கிய காட்சியை நாடகமாகப் போடுகிறோம். உடுப்புக்கு நான் பொறுப்பு. நாடகக் கம்பெனியிலிருந்து ஜிகினா வைத்த வெல்வெட் உடைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்றார் டீச்சர். தோட்ட வேலைக்கு வந்தவர்கள் வெல்வெட்டிலா வந்தார்கள் என்று கேட்டுவிட்டேன். "அப்ப எதுல வந்தாங்க? திங்கக்கிழமை காலையில அத்தாட்சியோட வா. இல்லேன்னா வெல்வெட்டுதான்" என்று முடித்துவிட்டார்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. தோழி சரசுவின் பெரியம்மா அஞ்சலை, கப்பலில் வந்த வருஷமே எடுத்துக்கொண்டது. அகலச் சரிகைக் கரைச் சேலை, கையில் குடை, பின்னால் பூந்தொட்டி. அந்தக் கரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நான்கு நாளாக வரைந்திருந்தேன். அவர் கிள்ளானில்தான் இருக்கிறார் என்று சரசு சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். துணைக்கு அம்மாவின் தம்பி, என் மாமா. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவர். ஞாயிறன்று மட்டும் நீலம் போட்டு வெளுத்த மல் வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

நாம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெரிய ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். கிள்ளான் இருபது மைலுக்குச் சற்று மேல். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான், புத்தகம் கொண்டுபோவது நல்லது. கிள்ளானில் ரிக்‌ஷாக்காரர் இருபது காசு கேட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடந்ததும் பத்து காசுக்கு வந்தார்.

அஞ்சலைப் பெரியம்மா பாசார் சந்தைக்குப் பின்புறம் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார். போட்டோவை நீட்டினேன். பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ பாப்பா, இது போட்டோக் கடைக்காரன் சேலை! ஊருக்குப் படம் அனுப்ப வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் அதத்தான் சுத்திவிடுவான். முன்னாடிதான் சேலை. பின்னாடி கயிறு. திரும்பி நின்னா மானம் போயிரும்!"

"குடையாவது உங்களுதா அக்கா?" என்றார் மாமா.

"குடையும் அவனுது, பூந்தொட்டியும் அவனுது. மூஞ்சி மட்டும் என்னுது தம்பி."

என் நான்கு நாள் உழைப்பு குடையோடு போயிற்று. வெல்வெட் என் கண் முன் மின்னியது. "அப்படியானால் கப்பலில் நிஜமாக எதைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள், பெரியம்மா?" என்று புத்தகத் தமிழிலேயே கேட்டேன். பதற்றத்தில் எனக்கு அப்படித்தான் வரும்.

"அதுவா? அந்தா தொங்குது பாரு" என்று உத்தரத்தைக் காட்டினார்.

உத்தரத்தில் ஒரு தூளி. உள்ளே பக்கத்து வீட்டுக் காமாட்சியின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா எட்டுப் பிள்ளை பெற்று எட்டையும் அந்தச் சேலையில் போட்டு வளர்த்தவராம். அதனால் வரிசையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அதைத்தான் வாங்கிக் கட்டுவார்களாம். முப்பது வருஷத்துச் சேலை என் தலைக்கு மேலே ஆடுகிறது. அவிழ்த்துப் பார்க்க முடியாது!

"எப்ப முழிக்கும்?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"இப்பதான் தூங்குச்சு. எழுப்புனீங்க, ரெண்டு பேரையும் தூளியில போட்டு ஆட்டிருவேன்" என்றார் தூளிக்கு அருகில் உட்கார்ந்திருந்த காமாட்சி.

காத்திருந்தோம். காப்பி வந்தது. மாமா ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதும் தும்மலை அடக்குவதுமாக இருந்தார். கடைசியில் குழந்தை தானாகவே நனைத்துவிட்டு அழுதது. அந்த அழுகை எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

காமாட்சி குழந்தையைத் தூக்கிக்கொள்ள, பெரியம்மா முடிச்சை அவிழ்த்தார். சேலை வெயிலில் வெளுத்துப் பழைய செங்கல் நிறமாகியிருந்தது. ஆனால் முடிச்சுக்குள் மடிந்திருந்த இடம் விரிந்ததும் நான் கத்திவிட்டேன். மாதுளை விதைச் சிவப்பு! குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடு போட்ட கட்டம். வெயில் படாமல் கடை அலமாரியில் இருந்தது போலவே இருந்தது. தையல் வகுப்பு டேப்பால் அளந்தேன்: நீளம் எட்டு கஜம். அகலம் குறைச்சல். பெரியம்மா என் பாவாடைக்கு மேலேயே சுற்றி, கொசுவத்தைப் பின்னால் விட்டுக் கட்டினார். கணுக்கால் நன்றாகத் தெரிந்தது. ஈர நாற்றமும் அடித்தது. எனக்கு மகாராணி போல இருந்தது.

"புதுசுல இத விடச் சிவப்பு" என்றார் பெரியம்மா. "கப்பல் விட்டு எறங்குனதும் கேம்ப்புல அடைச்சாங்க. நோய் வரக்கூடாதுன்னு எல்லார் துணியையும் வாங்கி ஒரே அண்டாவுல வேக வெச்சானுங்க. என் சேலை சாயத்தைக் கக்கிருச்சு. வெளிய எடுத்தா ஆம்பிளைங்க வேட்டி பூராவும் ரோசாப்பூ! அத்தனை பேரும் என்னைத் திட்டுனாங்க. ஒருத்தர் மட்டும் திட்டல."

"யாரு?" என்றேன்.

"இவரு" என்று சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தைக் காட்டினார். "ரோசா வேட்டியோடதான் தாலி கட்டுனாரு. வேற வேட்டி ஏது?"

சேலையை இரவல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அதற்காகத்தான் அழுதுகொண்டிருந்தது. பிய்ந்த ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு இழையும் ஒரு மஞ்சள் இழையும் எடுத்துக் கொடுத்தார். காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஜவுளிக்கடையில் நுழைந்து, சாயம் போகிற சிவப்புத் துணி வேண்டும் என்றேன். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்ம கடைத் துணி சாயம் போகாது பாப்பா. யாரு சொன்னா?"

"போன தீபாவளிக்கு எடுத்த ஜாக்கெட்டுத் துணி போச்சே லா" என்றார் மாமா.

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அதுல ரெண்டு கஜம் இருக்கு. வெளிய சொல்லிராதீங்க" என்று சீக்கிரம் மடித்துக் கொடுத்தார்.

உங்களில் யாராவது பழைய துணி தேடிப் போனால், பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். பெட்டியில் நல்ல துணிதான் இருக்கும். தூளியைப் பாருங்கள், தலையணையைப் பாருங்கள். டேப் எடுத்துப் போங்கள். போட்டோவை நம்பி மட்டும் போகாதீர்கள். முக்கியமாக, குழந்தை தூங்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துச் சிவப்புத் துணியை அண்டாவில் போட்டேன். கூடப் போட வெள்ளை வேட்டி வேண்டுமே என்று நான் கேட்கவே இல்லை. மாமா கைலிக்கு மாறி வந்து, தன் ஞாயிற்றுக்கிழமை வேட்டியை நீட்டினார். "போடு. திட்டாம இருந்தா எனக்கும் பொண்ணு கெடைக்குதான்னு பாப்போம்" என்றார்.

நாளைக் காலையில் இரண்டு இழைகளும் அந்த வேட்டியும் டீச்சர் மேஜைக்குப் போகின்றன. அண்டாவைத் திறந்து பார்க்கத்தான் எழுந்தேன். அதற்குள் அப்பா விளக்கை அணைத்துவிட்டார். வேட்டி என்ன நிறம் ஆயிற்று என்பது விடிந்தால்தான் தெரியும்.