உள்ளிருந்து தட்டிய ஷட்டர்

அந்த ஸ்பேர் பார்ட்ஸ் தெருவில் அவளுக்கு ‘ஒரிஜினல் அக்கா’ என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம், கேலிக்கு வைத்தது. பைக்குக்கு பிரேக் ஷூ கேட்டு வருகிறவனிடம், “கம்பெனி சரக்கு இருக்கு, விலை ஜாஸ்தி. சின்னப் பட்டறையில செஞ்ச சரக்கு இருக்கு, விலை கம்மி. கம்பெனி டப்பாவுல போட்ட டூப்ளிகேட் வேணும்னா பக்கத்துக் கடைக்குப் போ” என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற வியாபாரியை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்த பிறகும் அதற்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கடை வேறு யாருடையதும் இல்லை, அவளுடைய கொழுந்தனுடையது.

கணவர் மாரடைப்பில் போன பிறகு, கடையை விற்றுவிடு என்று உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பாடினார்கள். “துக்கம் விசாரிக்க வந்தீங்களா, கடை விலை விசாரிக்க வந்தீங்களா?” என்று கேட்டு அத்தனை பேரையும் வாசலோடு அனுப்பிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். கிளட்ச் கேபிளுக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் உட்கார்ந்தாள். மெக்கானிக்குகளிடம் திட்டு வாங்கி, திரும்பத் திட்டி, அப்படியே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் சும்மா சுற்றக் கூடாது என்று ஒட்டினாற்போல் இருந்த இரண்டாவது அறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தவளும் அவளேதான். லைசென்ஸ் இரண்டுக்கும் அவள் பெயரில். ஷட்டர் இரண்டு, பின்னறை ஒன்று, மேலே நீளமாக ஒரே போர்டு: பிரதர்ஸ் ஆட்டோ ஸ்பேர்ஸ்.

அந்த ஒரே போர்டுதான் வினையாகப் போயிற்று. ஒரு பால்காரர் பின்னால் கேன்களைக் கட்டிக்கொண்டு பைக்கில் மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறார். பிரேக் ஷூவில் ஒட்டியிருந்த லைனிங் தனியாகக் கழன்றுவிட்டது. வண்டி சுவரில் மோதி, மனிதருக்குக் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. அவர் மனைவி அந்த லைனிங் துண்டைக் கொண்டுவந்து இவள் கல்லா மேல் எறிந்தாள். “உங்க பேரைப் பார்த்துத்தானே வாங்கினாரு? நல்லா இருப்பீங்களா நீங்க?” எந்த ஷட்டருக்குள் போய் வாங்கினார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.  ஒரிஜினல் அக்காவை அவமானம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கே கொழுந்தனிடம் சொல்லிவிட்டாள். “தம்பி, கம்பெனிக்காரன் பேரை நீ திருடுறது ஒரு பக்கம். உங்க அண்ணன் பேரையுமில்ல சேர்த்துத் திருடுற! இனிமே ஒரு டப்பா இந்தக் கூரைக்குள்ள வந்தா நானே புடிச்சுக் குடுப்பேன்.”

“சரிங்க அண்ணி” என்றான். தலையை ஆட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டூப்ளிகேட் சரக்கைப் பிடிக்கக் கம்பெனி ஆளோடு வரும் போலீஸ் ரெய்டு வண்டி முனையில் திரும்பியதும் முதல் கடைக்காரர் ஷட்டரைச் சத்தம் கேட்க இழுத்துவிடுவார். அதைக் கேட்டு அடுத்தவர், அவரைக் கேட்டு அதற்கடுத்தவர். கண்மூடித் திறப்பதற்குள் தெரு முழுக்க மூடிவிடும். முதலாளிகள் எல்லாரும் எதிர் டீக்கடையில் கிளாஸும் கையுமாக நிற்பார்கள். “இது யார் கடை?” என்று கேட்டால், “தெரியாதுங்க, நாங்க டீ குடிக்க வந்தவங்க” என்பார்கள். கை அந்த வேலையைத் தானாகச் செய்யும் அளவுக்கு எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. பக்கத்துக் கடையில் ஆள் இல்லையென்றால் அவர் ஷட்டரையும் சேர்த்து இழுத்துப் பூட்டிவிடுவது தெரு நாகரிகம்.

அடுத்த வாரமே ஒரு மத்தியானம் அவள் கேபிள் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அட்டைப்பெட்டிகள் கூரை வரை. ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் கம்பெனி பெயர் போட்ட பிரேக் ஷூ, அதே மட்டமான சரக்கு. ஓரத்தில் கம்பெனியின் பளபளக்கும் ஸ்டிக்கர் சுருள் சுருளாக. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

“டேய்!” என்று அவள் கத்தியதும் தெருமுனையில் முதல் ஷட்டர் விழுந்ததும் ஒரே நேரம். கொழுந்தன் அவளைத் தேடவில்லை. தன் ஷட்டரை இழுத்தான், பூட்டினான், கல்லாவில் அண்ணி இல்லாததைப் பார்த்து அவள் ஷட்டரையும் இழுத்தான், பூட்டினான், சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். அண்ணியை உள்ளே வைத்துப் பூட்டியது முதல் வாய் டீ உள்ளே போகும்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே இருட்டு. சும்மா இருந்தால் வண்டி வந்த வழியே போய்விடும். அது அவளுக்கும் தெரியும். போனால் இந்தப் பெட்டிகள் நாளைக்கே எவன் எவன் சக்கரத்துக்குள்ளோ போய்ச் சேரும். தடவிப் பார்த்து ஒரு பெரிய ஸ்பானரை எடுத்தாள். ஷட்டரில் ஓங்கிப் போட்டாள் ஒரு போடு. பிறகு நிறுத்தவே இல்லை.

மூச்சுவிடாமல் நின்ற தெருவில் அந்த ஒரு கடை மட்டும் அதிர்ந்தது.

“உள்ளே யாரு?” என்றார் அதிகாரி.

“கடைக்காரி! பூட்டைத் திறக்கச் சொல்லுங்க. சாவி டீக்கடையில டீ குடிக்குது!”

வேறு வழியில்லாமல் கொழுந்தன் வந்து திறந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவள் வியர்வையும் ஸ்பானருமாக வெளியே வந்து, “உள்ள வாங்க சார், பின்னறையில இருக்கு” என்றாள். எதிரே வாய் பிளந்து நின்றவர்களையும் விடவில்லை. “என்ன பார்க்குறீங்க? டீ ஆறுது, குடிங்க.”

பெட்டிகளைப் பார்த்ததும் அதிகாரி கேட்டார். “யார் சரக்கு இது?”

கொழுந்தன் தரையைப் பார்த்தான். “கடை அண்ணி பேர்லதான் சார் இருக்கு.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு திரிந்தவன். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் அவள்.  இப்போது அழுதால் அவனுக்குத்தான் லாபம் என்று அவளுக்குப் பட்டது.

“ஆமா சார், என் பேர்லதான் இருக்கு. ரெண்டு கடையும்” என்றாள். “அப்ப ரெண்டையும் திறந்து காட்ட எனக்கு உரிமை இருக்குல்ல? தம்பி, உன் சாவியைக் குடு.”

“அண்ணி...”

“குடுன்னா குடு!”

அவன் ஷட்டரை அவளே தூக்கினாள். காலி டப்பாக்கள், அவற்றை ஒட்டுகிற மெஷின், ஷோகேஸ் நிறைய அதே சரக்கு. எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

டை கட்டிய கம்பெனிக்காரருக்கு ஒரே உற்சாகம். அவள் அலமாரியில் இருந்த பட்டறைச் சரக்கையும் கையோடு வண்டியில் ஏற்றச் சொன்னார். “இதுவும் சிவப்பு டப்பா. எங்க டப்பாவும் சிவப்பு. ஜனங்க குழம்பிடுவாங்க.”

அவள் அலமாரிக்குக் குறுக்கே போய் நின்றாள். “சிவப்பு என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா? இதுல செஞ்சவங்க பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு. உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க. உங்களைவிடக் கம்மி விலைக்கு விக்கிறதெல்லாம் திருட்டா? அவன் வித்தது திருட்டு, நானே எடுத்துக் குடுத்தேன். இதுல கை வெச்சீங்க, இந்த ஸ்பானர் இன்னும் என் கையிலதான் இருக்கு!”

அதிகாரி ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதை விட்டுடுங்க” என்றார். ஆனால் இரண்டு ஷட்டருக்கும் சீல் விழும், லைசென்ஸ் அவள் பெயரில் இருப்பதால் வழக்கும் இரண்டு பேர் மேலும் விழும் என்றார்.

“போடுங்க” என்றாள். “பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு.”

தானே பிடித்துக் கொடுத்தவள் என்பதால் அவளை நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு, கொழுந்தனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணி, என்னை இப்படிக் கைவிட்டுட்டீங்களே” என்று அழுதான்.

அவள் ஜீப் ஓரமாகப் போனாள். “யாரு கைவிட்டா? நாளைக்கு வக்கீலோட நானே வர்றேன், பீரோவுல கிடக்குற என் தாலிச் சங்கிலியை வெச்சாவது உன்னை வெளிய எடுப்பேன். எடுத்துட்டு நேரா அந்தப் பால்காரர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அவர் எழுந்து நடக்குற வரைக்கும் வீடு வீடா பால் ஊத்தப் போறது நீதான். அவர் வண்டியிலதான் போகணும். வேற பிரேக் ஷூ தேட வேண்டாம், உன் கடைச் சரக்கையே போட்டுக்கலாம். சம்மதமா?”

அவன் அழுகை நின்றுவிட்டது.  பிறகு மெதுவாகச் சொன்னான்.

“வேணாம் அண்ணி. நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க.”