வெந்நீர்த் தொட்டியும் குமிழி அண்ணனும்

தொட்டியின் மேல் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் மெக்கானிக். வெந்நீருக்குள் ஒரு காரின் சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, மூழ்கிக் கிடக்கிறது. அதில் தண்ணீர் ஓடும் வழிகளையெல்லாம் தகடு வைத்து அடைத்துவிட்டு, ஒரே ஒரு குழாய் வழியாக உள்ளே காற்றை ஏற்றியிருக்கிறார். மயிரிழை விரிசல் இருந்தாலும் அங்கிருந்து குமிழி கிளம்பிவிடும். வண்டிக்காரருக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

"என்னண்ணே, ஏதாவது தெரியுதா?"

"பேசாதப்பா. சத்தம் கேட்டா குமிழி பயந்துக்கும்."

அந்தத் தெருவில் அவர் குமிழி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். குள்ளமான ஆள். தொட்டி விளிம்பில் சாய்ந்து சாய்ந்து, அவருடைய எல்லாச் சட்டையிலும் தொப்பை உயரத்தில் ஒரு ஈரக் கோடு இருக்கும். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. விரிசல் ஓரத்தில் இருந்தால் வட்டம் போடுவார். வெல்டிங் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று அர்த்தம். டர்போ வண்டியாக இருந்து, இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தால் பெருக்கல் குறி. அது விழுந்தால் விழுந்ததுதான். கெஞ்சினாலும் அழியாது, கொஞ்சினாலும் அழியாது.

"ஒரே ஒரு தடவ ஒட்டிப் பாருங்கண்ணே."

"ஒட்டலாம். நல்லாவே ஒட்டுவேன். ஆனா அந்த டர்போ சும்மா இருக்குமா? காத்தை அமுக்கி அமுக்கித் திணிக்கும். மேட்டுல ஏறும்போது மறுபடி பொளந்துக்கும். போய்ப் புது ஹெட்டு வாங்கிட்டு வா."

குறி போட்ட ஹெட் ஒன்று கதவுக்கு முட்டு. இன்னொன்றின் மேல் சாக்கைப் போட்டு, வருகிறவர்களை உட்காரச் சொல்வார். தங்கள் வண்டியின் ஹெட் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

வேகமாக ஓட்டி வந்து, நின்றதும் நிற்காததுமாக எஞ்சினை அணைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. டர்போ சூட்டில் கொதித்துக்கொண்டிருக்குமாம். "ஓடி வந்தவன் மூக்கைப் பொத்துவியா? கொஞ்சம் மூச்சு வாங்க விடுய்யா!" ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைத்துவிட வேண்டாம். சாயங்காலம் வீட்டு வாசலில் அவர் கார் உறுமிக்கொண்டு நிற்கும். டர்போ ஆறும்வரை அதற்குள்ளேயே கைகட்டி உட்கார்ந்திருப்பார். அந்நேரத்தில் யாராவது போனில் கேட்டால் அவர் மனைவி, "வந்துட்டாரு. ஆனா இன்னும் வரல" என்பார்.

இப்படிப்பட்டவரையும் நடுங்க வைக்க ஒருவர் இருக்கிறார். அவருடைய அக்கா. அம்மா போன பிறகு தலைவாரி, காதைத் திருகி அவரை வளர்த்தவர். மலைமேல் இருக்கும் வீடுகளிலிருந்து நோயாளிகளைக் கீழே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்வருவதுதான் அக்காவின் பிழைப்பு. அக்கா வாங்கிய அதே காரைத்தான் தம்பியும் வாங்கினார். நிறம்கூட அதுவேதான். கேட்டால், "தற்செயல்" என்பார்.

போன மாதம் அந்த அக்காவின் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. மலைப்பாதையில் ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது.

"சூடு ஏறினா மீட்டர் ஊசி காட்டுமேக்கா. பாக்கலையா?"

"பாத்துட்டுத்தான் ஓட்டினேன். பின்சீட்டுல புள்ளத்தாச்சி வலியில துடிக்கிறா. நிறுத்திட்டு வேடிக்கை பாக்கவா?"

"குழந்தை?" என்று மட்டும் கேட்டார்.

"பொண்ணு. நல்லாக் கத்துறா."

ஹெட்டைக் கழற்றி, கழுவி, தொட்டியில் இறக்கினார். வால்வுகளுக்கு நடுவிலிருந்து குமிழிகள் சரம்சரமாக வந்தன. கை தானாகக் காதுக்குப் போனது.

"குறி கிறி போட்டே, தெரியும் சேதி! ஒட்டுடா" என்றார் அக்கா. "புதுசு கப்பல்ல வரணுமாம். எப்ப வருமோ! அதுவரைக்கும் மேல்வீட்டுப் பெரியவரை யாரு கூட்டிட்டுப் போவா? வாரம் தவறாம ரத்தம் சுத்தம் பண்ணணும் அவருக்கு. நான் போகலைன்னா அவர் செத்துருவார்டா."

சாக்பீஸைக் காதிலிருந்து எடுத்தார். ஒட்டிக் கொடுத்தால், மறுபடி பிளந்த வண்டியோடு மலைவளைவில் அக்காவும் பெரியவரும். ஒட்டாவிட்டால் வீட்டோடு பெரியவர். பாவம், குமிழி அண்ணன் முகம் அன்றைக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் பெருக்கல் குறி போட்டார். அக்கா, தம்பி வாங்கி வைத்த தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் தம்பியே போன் செய்தார். "பழைய சாமானுக்குள்ள ஒரு ஹெட்டு கிடந்துச்சுக்கா. நல்ல ஹெட்டு. வந்து வண்டிய எடுத்துக்கோ."

அதையும் தொட்டியில் இறக்கி, மூச்சடக்கிப் பார்த்துவிட்டு, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட் வைத்துப் பூட்டியிருந்தார். அக்கா வந்தார். கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த தம்பியின் காரைப் பார்த்தார். தம்பியின் காதைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அது சிவந்துவிடும்.

"குமிழி வரலையே?"

"வரல."

"சரி." மேசையில் இருந்த தம்பியின் தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று சாயங்காலம் குமிழி அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனார். தெருமுனையில் அக்காவின் கார் அவரைத் தாண்டி மலைப்பக்கம் ஏறியது. பின்சீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சத்தம் கடைசி வளைவைத் தாண்டி மறையும்வரை அங்கேயே நின்று கேட்டார். பிறகு வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே நுழையாமல் கைகட்டி நின்றார்.

"வண்டிதான் இல்லையே, உள்ள வாங்களேன்!" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கூப்பிட்டார்.

"இரு, வரேன்."

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வெறுங்கையை நீட்டி, இல்லாத சாவியைத் திருகி அணைத்துவிட்டு, உள்ளே போனார்.