அக்கா கத்துனாங்களா?

போனை எடுத்ததும் காதிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொள்வாள் என் வீட்டுக்காரி. அந்தப் பக்கம் கத்துகிற கத்தலுக்கு அவ்வளவு இடைவெளி வேண்டும். தண்ணீர் ஆபீஸில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. குழாய் உடைந்தாலும் அவளைத்தான் திட்டுவார்கள், குழாயில் வெறும் காற்று வந்தாலும் அவளைத்தான். "சொல்லுங்கண்ணா, கேக்குது. எந்தத் தெரு?" என்பாள். எதிராளி அவள் பரம்பரையையே இழுத்துப் பேசி முடித்த பிறகும் அதே குரலில், "சரிங்கண்ணா, தெரு பேரு மட்டும் சொல்லிடுங்க" என்பாள். நான் வெல்டிங் பட்டறைக்காரன். என்னிடம் ஒருத்தன் அப்படிப் பேசியிருந்தால் சுத்தியல்தான் பதில் சொல்லியிருக்கும்.

வீட்டிலும் அவள் குரல் உயராது. பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் ஒரு "அடடா"தான். ஆனால் பேய்ப்படம் என்றால் கதையே வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தாள் என்றால், வாரம் முழுக்கக் காதில் வாங்கியதையெல்லாம் வாய் வழியாக இறக்கிவிடுவாள். அப்படி ஒரு அலறல். தெருவுக்கே தெரியும். மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால், "நேத்து நல்ல படம்போல!" என்று கண்ணடிப்பார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவள் கத்தாத வாரம்தான் பயமாக இருக்கிறது. அந்த வாரமெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் சிடி கடைக்குப் போனவன், ஏதோ ஒரு நினைப்பில், அட்டையை மட்டும் பார்த்து ஒரு படத்தை எடுத்துவிட்டேன். கறுப்பு அட்டை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடைக்கார நெட்டைத் தம்பியின் முகம் மட்டும் பளிச்சென்று மலர்ந்தது. "இதை ஒருத்தரும் தொடவே மாட்டேங்கிறாங்கண்ணே. அக்கா கத்துனாங்களான்னு வந்து சொல்லுங்க, என்ன?"

படமா அது! பேய் நடந்தால் வெள்ளை அங்கிக்குக் கீழே பேன்ட் தெரிகிறது. இடி இடிக்கிறது, ஜன்னலில் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. ஒரு இடத்தில் பேய் போன் போட்டு, பேசாமல் மூச்சு மட்டும் விட்டது. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, பழக்க தோஷத்தில், "சொல்லுங்கண்ணா, கேக்குது. எந்தத் தெரு?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துணியெல்லாம் மடித்து முடிந்தது. தலையணை ஓரமாகச் சும்மா கிடந்தது.

கடைசியில் கிணற்றிலிருந்து கை வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எழுந்தவள், டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். அந்தக் கையின் சுண்டு விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"இது நம்ம சிடி கடைத் தம்பி கைங்க. சிடி எடுத்துக் குடுக்கறப்ப இந்த விரலைப் பாத்திருக்கேன்."

"அவனா? நாளைக்குப் போய் நாலு கேள்வி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு. உனக்குன்னு இருக்கிறதே வாரத்துல ஒரு மதியம்."

"கேட்டா? அவன் என்ன சொல்லணும்? 'சரிங்கண்ணா, தெரு பேரு சொல்லுங்க'ன்னா?"

அவள் இன்னும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை கிணத்துல இறங்குனானோ. தண்ணி ஜில்லுன்னு இருந்திருக்கும் பாவம்."

மறுநாள் வேலை விட்டதும் அவளும் என்னோடு கடைக்கு வந்தாள். அன்றைக்கும் காலையிலிருந்து யார் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட முகம். கடையில் ரெண்டு மூன்று பேர் அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தூசி தட்டிக்கொண்டிருந்த தம்பி துணியைக் கீழே வைத்தான். அவளைக் கேட்கத் தைரியம் இல்லை. என்னைத்தான் கேட்டான்.

"அண்ணே, அக்கா கத்துனாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கையில் ஒரு கிள்ளு விழுந்தது. அவள் சிடியை மேசைமேல் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். எடுக்கக் கையை நீட்டினான். வளைந்த சுண்டு விரல் அவளை நோக்கி வந்ததுதான் தாமதம், "ஐயோ! அம்மாடி!" என்று அலறினாள் பாருங்கள், அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து நாலு சிடி கீழே விழுந்தது. எதிர்க்கடைக்காரர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார். அவள் ஓரடி பின்னால் துள்ளி, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"கிணத்துலேர்ந்து வந்த கை!" என்றாள், மூச்சு வாங்க.

தம்பி நீட்டிய கையை மடக்கவே இல்லை. அது யாருடைய கையோ என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பிடியை விட்டு, கசங்கிப் போன என் சட்டையை மெதுவாக நீவிவிட்டாள்.