பொத்தென்று கேட்ட பல்

2009 வாக்கில் நடந்தது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், கரன்ட் கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் நான் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். சூளையிலிருந்து வந்து ஆறிய சாமானைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே விரிசல், கழித்துப் போட்டுவிட வேண்டும். என் காதுக்குத் தப்பி எதுவும் போகாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அப்போதுதான் என் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ஊரில் பல் டாக்டரிடம் காட்டியதற்கு, எடுத்துவிட்டு வேறு பல் கட்டலாம் என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் பொய்ப்பல்லா என்று அழுகையாக வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன்.

மனசு கேட்காமல் கடலூர் பஸ் ஏறி இன்னொரு டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். எக்ஸ்ரேயில் பல்லோரம் எலும்பு கரைந்து குழியாகியிருப்பதைக் காட்டினார். ஈறை நீளமாகத் திறந்து தைப்பது பழைய முறை, ஆறினபின் ஈறு ஏறிப் பல் நீளமாகத் தெரியலாம். பல் இடுக்கில் சின்னதாகக் கீறி, சுத்தம் செய்து, திசு வளர ஜெல்லோ, எலும்பு மாதிரிச் செய்த தூளோ வைப்பது புது முறை. குழி குறுகலாக, ஆழமாக இருப்பதால் எனக்குச் சின்னக் கீறலும் தூளும் போதும் என்றார்.

"அந்தத் தூளும் ஒரு வகை செராமிக்தான்க்கா" என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதித்தேன்.

கீறித் தூள் வைத்துத் தைத்து முடித்ததும், சில மாதம் அந்தப் பல்லைத் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். கை சும்மா இருந்தால்தானே! தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஸ்பூன் காம்பால் மெதுவாகத் தட்டுவேன். பொத். மறுநாளும் பொத்.

"போயிடுச்சுங்க. உள்ள ஒண்ணுமே புடிக்கல" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"கம்பெனி வேலைய வூட்டுக்கும் கொண்டாந்துட்டியா?" என்று அவர் கிண்டல் செய்தார்.

எனக்கோ தாங்கவில்லை. மறுபடி பஸ் ஏறிப் போய், "புடுங்கிடுங்க டாக்டர், சும்மா ஆசை காட்டாதீங்க" என்று அழுதேவிட்டேன்.

ஸ்பூன் கதையைக் கேட்டு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "பக்கத்துப் பல்லைத் தட்டுங்க" என்றார். தட்டினேன். அதுவும் பொத்! நல்ல பல்லை நான் ஒருநாளும் தட்டிப் பார்த்ததே இல்லை.

"கணீர்னு கேட்டாதான்க்கா நான் பயப்படணும். பல்லு எலும்போட நேரா ஒட்டிக்கிச்சோன்னு தோணும். நடுவுல மெத்தை மாதிரி நார் இருக்கணும். அது வளரத்தானே இவ்ளோ பாடு? சில மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஸ்பூன் வேணாம்."

கையை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த எக்ஸ்ரேயில், கறுப்பாக இருந்த குழி பாதிக்கு மேல் எலும்பு நிறைந்து வெளுத்திருந்தது. பல்லின் ஆட்டமும் நின்றிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து முந்தானையால் வாயை மூடாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இன்றும் அந்தப் பல்லால்தான் முறுக்கு கடிக்கிறேன். கம்பெனியில் பொத்தென்று கேட்பதை இப்போதும் கழித்துத்தான் போடுகிறேன், ஆனால் உயிருள்ள எதையும் என் காதை மட்டும் நம்பிக் கழித்துவிடுவதில்லை.