குழியைக் காட்டிய கை

போன வருடம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுக்கரை தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் நடந்தது இது. குவாரி மூடி ரொம்ப நாளாகிவிட்டது. நிலம் எங்கள் ஆஃப்ரோடு குரூப்பில் ஒருத்தருக்குச் சொந்தம் என்பதால் அனுமதிப் பிரச்சினை கிடையாது. மலைப்பக்கம் காட்டுக்குள் வண்டியை விட்டால் வனத்துறை வந்து நிற்கும், அது நியாயமும்கூட. அதனால் சேறு, பாறை, சரிவு எல்லாமே எங்களுக்கு இந்தக் குவாரிதான்.

என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு டபுள் கேபின் பிக்கப்: முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் லோடு ஏற்றத் திறந்த தொட்டி. அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் வியாபாரம் செய்கிறார். மேட்டுப்பாளையம் வரைக்கும் பம்ப் ஏற்றிக்கொண்டு போய் வந்த வண்டி அது. அவர் புதிதாக ஒரு லோடு வண்டி வாங்கியதும் இது சும்மா நின்றது. கேட்டேன், சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி வண்டியை நன்றாக மேலே தூக்கினேன். சேற்றைக் கவ்வுகிற பெரிய டயர் போட்டேன். தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜினுக்குக் காற்று கிடைக்க, கண்ணாடி ஓரமாக மேலே போகிற ஒரு குழாய் வைத்தேன். கூரை மேல் இரும்பு கேரியர். அதில் ஸ்டெப்னி டயர், டீசல் கேன்கள், மண்வெட்டி, டூல் பெட்டி. பார்க்கச் செம மாஸாக இருக்கும். ஒரு பொண்ணு ஓட்டுகிறாளே என்று சிக்னலில் திரும்புகிறவர்கள், அப்படியே கழுத்தைத் தூக்கிக் கேரியரையும் பார்ப்பார்கள்.

குரூப்பில் எல்லோரும் ஆஹா ஓஹோ என்றார்கள், ஒருத்தனைத் தவிர. பழைய ஜீப் வைத்திருப்பவன். ஜீப்காரன் என்றே வைத்துக்கொள்வோம். என் போட்டோவுக்குக் கீழே, "ஏனுங்க, மண்டபத்துக்குச் சீர் கொண்டு போறீங்களா? பீரோ, கட்டலு வெக்க இன்னும் எடமிருக்குதுங்க" என்று போட்டான். நான் சும்மா இருப்பேனா? "துருப்புடிச்ச தகரத்துக்கு டயர் மாட்டி ஓட்டறவங்கெல்லாம் கருத்துச் சொல்றாங்கப்பா" என்று திருப்பிக் கொடுத்தேன். அது நீண்டு, அவன் என் டிகிரியை இழுக்க, நான் அவன் டிரைவிங்கை இழுக்க, அன்றோடு பேச்சு நின்றது. நேரில் பார்த்தால் அவன் டயரைப் பார்ப்பான், நான் மொபைலைப் பார்ப்பேன். காதல் கதை ஆரம்பிக்கிறது என்று யாராவது நினைத்தால் மன்னிக்கவும். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. எனக்கு அவன் மூஞ்சியே ஆகாது.

அந்த ஞாயிறு மாமாவும் கூட வந்தார். "ஒழுங்கா ஓடிட்டிருந்த வண்டியத் தூக்கி நிறுத்திப்போட்டு அப்பிடி என்னதான் பண்றீங்கன்னு நானும் பாக்கோணும் அம்மணி" என்று இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மடியில் வறுத்த கடலைப் பொட்டலம்.

எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான இடத்தை முன்னால் கடந்தவர், இறங்கி வந்து அடுத்த வண்டிக்குக் கை காட்ட வேண்டும். அவர் ஒருத்தர் மட்டும்தான். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுகிறவருக்கு பானட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது, அதனால் அந்த இரண்டு கைதான் கண். முஷ்டியை உயர்த்தினால் நில். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பு. அன்று எனக்கு முன்னால் போக வேண்டிய வண்டி பஞ்சர் ஆகி ஒதுங்கிவிட்டது. அதற்கும் முன்னால் இருந்தது ஜீப். ஆக, எனக்குக் கை காட்ட வேண்டியவன் அவன்!

இடம் இப்படி இருந்தது. குவாரி ஓரமாகச் சாய்ந்து போகிற ஒரு பாதை. வலது பக்கம் மண்மேடு. இடது பக்கம் சரிவு, அதற்கும் கீழே குழி, குழி நிறையப் பச்சைத் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று நிலத்துக்காரருக்கே தெரியாது. ஜீப் அலட்டிக்கொள்ளாமல் கடந்து போனது. அவன் இறங்கி வந்து பாதையில் எனக்கு எதிரே நின்றான்.

"ஏனம்மணி, யாரு அந்தத் தம்பி? உம்பட மூஞ்சியவே பாக்க மாட்டீங்கறான்?"

"ரூல் மாமா. டயரத்தான் பாக்கோணும்."

"சண்டையா?"

"கடலையத் தின்னுங்க மாமா."

பாதி தூரம் சரியாகத்தான் போனேன். அதற்கப்புறம் மழையில் ஊறிய மண்ணில் இடது பக்க டயர்கள் இறங்கின. அதே நேரத்தில் வலது பக்கப் பின் டயர் ஒரு கல் மேல் ஏறியது. வண்டி சாய்ந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன், இன்னும் சாய்ந்தது. கூரை மேல் இருந்த அத்தனை கனமும் எங்களைக் கீழே இழுப்பது சீட்டிலேயே தெரிந்தது. மாமா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். கடலை எல்லாம் கண்ணாடி மேல் கொட்டிக் கிடந்தது.

"அம்மணி, இந்தப் பக்கம் தண்ணிதான் தெரியுது" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பின்னால் வரிசையில் வண்டியோடு நின்ற என் தோஸ்துகள் வழக்கத்தை மறந்து கத்த ஆரம்பித்தார்கள். "ரைட்ல ஒடி! மேட்டுப் பக்கம் ஒடி!" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. குழி இடது பக்கம் இருக்கும்போது யாராயிருந்தாலும் வலது பக்கம்தானே ஒடிப்பார்கள்? கை ஸ்டியரிங்கைத் திருப்பவும் ஆரம்பித்துவிட்டது.

எதிரே முஷ்டி உயர்ந்தது. பிரேக்கில் நின்றேன். ஜீப்காரன் பாதையை விட்டுச் சரிவில் கீழே இறங்கினான். ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. கொஞ்சம் கீழே போய்த் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் இடது பக்கம் காட்டினான். குழிப் பக்கம்.

இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம். இரண்டாவதாகத்தான் அவன் நிற்கிற இடம் கண்ணில் பட்டது. வண்டி உருண்டால் முதலில் விழுகிற இடம் அது. கை காட்டுகிறவர் சரிவுக்குக் கீழே நிற்கவே கூடாது, அதுவும் எங்கள் வழக்கம்தான். அவன் காட்டிய திசையில் முதலில் இருந்தது அவன், குழி அதற்கப்புறம்தான்.

இடது பக்கம் ஒடித்து ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினேன். மாமா "முருகா" என்றார். வலது பக்க டயர்கள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தன. வண்டி மூக்கைக் கீழே நீட்டி நேராக இறங்கியது. ஜீப்காரன் பக்கவாட்டில் முள்ளுக்குள் பாய்ந்தான். கீழே, முன்பு லாரிகள் நின்று கல் ஏற்றிய ஒரு சமதளம் இருந்தது. என் சீட்டிலிருந்து அது தெரியவே தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி அதில் வந்து நின்றது. தண்ணீர் இன்னும் ஒரு வண்டி நீளம் தள்ளி இருந்தது.

விஷயம் எளிது. சாய்கிற வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினால் அது இன்னும் வேகமாகக் கவிழும். சாய்கிற பக்கமே திருப்பினால் தன் காலில் நிற்கும். இதை நான் எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன், இன்னொருத்தருக்கு கிளாஸ்கூட எடுத்திருக்கிறேன். மாமா கதவில் சரிந்து கிடக்கும்போது அதில் ஒன்றும் கைக்கு வரவில்லை.

மாமா இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனார்.

"ஏனுங்க தம்பி, அடி பலமுங்களா?"

"இல்லீங்க, முள்ளுதானுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"எனக்கென்னங்க, கடலைதான் போச்சு."

அவன் முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "கூரை மேல இருக்கறதப் பூரா எறக்கச் சொல்லுங்க. அந்தக் கனந்தான் சாச்சுப்போடுச்சு" என்றான், மாமாவைப் பார்த்து.

"எங்களுக்குத் தெரியுமுன்னு சொல்லுங்க மாமா" என்றேன், நானும் மாமாவைப் பார்த்து.

"தெரிஞ்சுந்தான் ஏத்தி வெச்சாங்களான்னு கேளுங்க."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, கைக்கெட்டற தூரத்துல நிக்கறீங்க. நடுவுல நானென்ன மைக் செட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. நான் ஒன்றும் பேசாமல் கேரியர் மேல் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினேன். அவன் ஒன்றும் பேசாமல் கீழே நின்று வாங்கிப் பின்னால் தொட்டியில் அடுக்கினான்.

அதற்குள் மற்றவர்கள் மேலிருந்து இறங்கி வந்தார்கள். நிலத்துக்காரர்தான் குரூப்பில் மூத்தவர். அவனை எல்லார் முன்னாலும் பிடித்துத் திட்டினார். "அறிவிருக்குதா? கை காட்டறவன் போய் நிக்கற எடமா அது? வண்டி உருண்டிருந்தா உன்ர ஊட்டுக்கு நானென்ன பதில் சொல்லறது?"

அவன் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டான். கடைசியில்தான் வாயைத் திறந்தான். "மேல நின்னு லெஃப்ட் காட்டியிருந்தா அவங்க நம்பியிருப்பாங்களாண்ணா?"

நம்பியிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது மாமா வண்டியைத் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்த பேசிப்போடு கண்ணு" என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவனுக்கு மெசேஜ் டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி டைப் செய்தேன், மறுபடி அழித்தேன். இன்று வரைக்கும் அனுப்பவில்லை. இப்போதும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போன மாதம்கூட டயர் காற்று எவ்வளவு வைப்பது என்பதில் குரூப்பில் அடித்துக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு டிரிப்பிலும் வரிசை போடும்போது நானாகப் போய் ஜீப்புக்குப் பின்னால் வண்டியை நிறுத்துகிறேன், அவனும் தள்ளிப் போகச் சொல்வதில்லை.

எனக்கு நல்லது நினைத்துக் கத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; ஆனாலும் வழி தெரியாமல் நிற்கிற ஒவ்வொரு சரிவிலும் என் கண் முதலில் தேடுவது, எனக்குப் பிடிக்காத ஒருத்தனின் பேசாத இரண்டு கைகளைத்தான்.